சரித்துப் படுக்க வையுங்கள், 112ஐ அழையுங்கள்

சிசிலியின் பலெர்மோ நகரில் பிறந்து வளரும் எங்கள் பிள்ளைகளுக்கு மதுவைப் பற்றி வீட்டில் கிடைக்கும் பாடம் ஒரே ஒரு வரிதான்: "அந்தப் பக்கம் போகாதை." அதற்கு மேல் பேச்சு நகராது. இலங்கையில், ஊரில் சாராயமும் கசிப்பும் குலைத்துப்போட்ட குடும்பங்களைக் கண்ணால் பார்த்துவிட்டு இங்கே வந்தவர்கள் நாங்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் இந்த நகரத்துக்கு அந்த ஒரு வரி போதாது. வார இறுதியில் தமிழ் படிப்பிக்கும் எனக்கு இது நன்றாகத் தெரியும், ஏனென்றால் அம்மாவிடம் கேட்க முடியாததைப் பிள்ளைகள் வகுப்பு முடிந்து கதிரைகளை அடுக்கும்போது என்னிடம் கேட்கிறார்கள்.

எங்கள் சனங்கள் நிறையப் பேர் இருக்கும் பல்லாரோ பகுதியில் பகலில் கத்தரிக்காயும் மீனும் விற்கும் அதே சந்துகளில் இரவில் மேசை போட்டு மது விற்பார்கள். அங்கிருந்து சற்று நடந்தால் வுச்சிரியா பகுதி. வெள்ளி, சனி இரவுகளில் இந்தப் பகுதிகளின் சதுக்கங்களில் பிளாஸ்டிக் கோப்பையோடு நிற்கும் கூட்டத்துக்குள் பதினாறு வயது முகங்களைப் பார்க்கலாம். எங்கள் முகங்களும் உண்டு.

நான் வேலை செய்த சிசிலி வீடுகளில் ஞாயிறு மதியச் சாப்பாட்டு மேசையில் வைன் போத்தல் இருக்கும். தாத்தா ஒரு சொட்டு வைனைத் தண்ணீரில் கலந்து பேரனுக்கு நீட்டுவார். அதை நான் நல்லதென்று சொல்லவரவில்லை. 18 வயதுக்குக் கீழே ஒரு சொட்டும் வேண்டாம் என்பதுதான் இத்தாலியின் தேசிய சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஆனால் அந்தப் பேரன் மது என்றால் சாப்பாட்டோடு, பெரியவர்களுக்கு முன்னால், மெதுவாகக் குடிப்பது என்றாவது பார்த்து வளர்கிறான். எங்கள் பிள்ளை முதல் தடவை பார்ப்பதே வெறும் வயிற்றில், தெருவில், ஒரே மடக்கில் விழுங்கும் ஷாட்டைத்தான்.

அதனால் ஒரு நாள் இலக்கணத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, ஒரு போத்தல் பிளேன்ரீயும் அளவுக் குவளையும் கொண்டுபோனேன். மூன்று கண்ணாடிக் குவளைகள். ஒன்றில் 330 மில்லிலீற்றர், அது பியர். அடுத்ததில் 125, அது வைன். மூன்றாவதில் 40, அது ஷாட். "எதிலை கூட வெறி?" என்று கேட்டேன். எல்லாருடைய விரலும் பெரிய குவளையைத்தான் காட்டியது. மூன்றிலும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான்; சுத்த அல்ககோல் ஏறத்தாழ 12 கிராம். இத்தாலியில் இதைத்தான் ஓர் அலகு என்று கணக்கிடுகிறார்கள். ஒரு பிள்ளை அந்தச் சின்னக் குவளையைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அப்ப மூண்டு ஷாட் எண்டா, ரீச்சர், மூண்டு பியரோ?" ஓம், பத்து நிமிடத்தில் மூன்று பியர்.

நடுத்தர உடம்புள்ள ஒரு பெரியவரின் ஈரல் மணிக்கு ஏறத்தாழ 7 கிராம் அல்ககோலைத்தான் கழிக்கும். மூன்று ஷாட் கழிய ஐந்து மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். தேசிக்காய்த் தண்ணி, கடுங்கோப்பி, பச்சைத் தண்ணியில் முழுக்கு எல்லாம் வெறி முறிக்கும் என்று எங்கள் ஆட்கள் நம்புகிறார்கள். இதில் எதுவும் ஈரலின் வேகத்தைக் கூட்டாது. பதின்ம வயதில் மூளையும் இன்னும் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. நிதானிக்கும், முடிவெடுக்கும் பகுதி முதிர்ச்சி அடைய இருபது வயதின் நடுப்பகுதி ஆகிவிடும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1988இலேயே மதுபானத்தைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் வரிசையில் வைத்துவிட்டது.

சட்டத்துக்கு வருகிறேன். இலங்கையில் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு மது விற்கக்கூடாது. இங்கே எல்லை 18. விற்பவர் வாங்குபவரின் அடையாள அட்டையைக் கேட்டே ஆகவேண்டும், வயது வந்தவர் என்பது வெளிப்படையாகத் தெரிந்தாலொழிய. மீறினால் 250 முதல் 1000 யூரோ வரை அபராதம். பதினாறுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு பாரில் ஊற்றிக் கொடுத்தால் அது குற்றவியல் சட்டத்தில் வருகிறது. நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை சின்னக் கடைகள் மது விற்கவே கூடாது. கடையில் நிற்கும் எங்கள் இளைஞர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். வகுப்புத் தோழன் வந்து கெஞ்சுவான். அபராதக் கடிதம் கடைக்குத்தான் வரும்.

வாகனம் என்று வந்தால் கணக்கு இன்னும் இறுக்கம். பொதுவான எல்லை ஒரு லீற்றர் இரத்தத்தில் 0.5 கிராம். ஆனால் 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கும், கார் ஓட்டும் அனுமதி எடுத்து மூன்றாண்டு ஆகாதவருக்கும் எல்லை பூச்சியம். 14 வயதிலேயே சின்ன ஸ்கூட்டர் ஓட்டலாம் என்ற நாடு இது. 18 ஆகாத பிள்ளை மது அருந்திவிட்டு ஓட்டிப் பிடிபட்டால், 0.5க்கு உட்பட்டிருந்தால் 19 வயது வரையும் அதைத் தாண்டினால் 21 வயது வரையும் கார் ஓட்டும் அனுமதியே எடுக்க முடியாது. என் வகுப்புப் பொடியன்கள் ஈரலைப் பற்றிச் சொன்னபோது நெளிந்துகொண்டிருந்தார்கள். இதைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

என் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வி வேறொன்று. "குடிச்சு விழுந்த ஆளுக்கு அம்புலன்ஸ் கூப்பிட்டா, பொலிஸ் வந்து எங்களைப் பிடிக்குமோ? அப்பாவின்ரை விசாவுக்குப் பிரச்சினை வருமோ?" ஒரு பிள்ளை கேட்டான், மற்றவர்கள் எல்லாரும் பதிலுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குடித்ததற்காக ஒரு பிள்ளையைச் சிறையில் போடும் சட்டம் இங்கே இல்லை. பொது இடத்தில் அப்பட்டமான வெறியில் நிற்பவருக்கு அபராதம் உண்டு, அவ்வளவுதான். உதவிக்கு ஆள் கூப்பிட்டதற்குத் தண்டனை கிடையாது. வதிவிட அனுமதி இல்லாதவர் மருத்துவமனைக்குப் போனால்கூட, அந்தக் காரணத்துக்காக அவரைப் பற்றி அதிகாரிகளுக்கு அறிவிக்கக்கூடாது என்று 1998ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் 35ஆம் பிரிவு சொல்கிறது. கூப்பிடத் தயங்கும் அந்த நேரத்துக்குள் சத்தி மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம். ஆளை மல்லாக்க விடாதீர்கள். சரித்துப் படுக்க வையுங்கள், தனியே விட்டுப் போகாதீர்கள், வாய்க்குள் எதையும் ஊற்றாதீர்கள், 112ஐ அழையுங்கள். இதைக் கதையாகச் சொல்லாமல் தரையில் பாய் விரித்துச் செய்துகாட்டினேன். ஒருவரை ஒருவர் உருட்டிப் பழகினார்கள்.

பெற்றோருக்கும் ஒரு கூட்டம் வைத்தேன். பிள்ளை இரவு ஒரு மணிக்குப் போன் எடுத்தால் "எங்கை நிக்கிறாய்?" என்று கேளுங்கள், "குடிச்சனியோ?" என்பதை விடிந்த பிறகு கேட்கலாம் என்றேன். தகப்பன்மார் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒரு தாய் எல்லாரும் போனபின் வந்து தன் கணவரைப் பற்றிப் பேசினாள். அரசு சுகாதார சேவையின் அடிமைப்பழக்க மையங்கள் இந்த நகரத்திலும் இருக்கின்றன. அங்கே காசு வாங்குவதில்லை, குடும்பத்தவரும் போய் ஆலோசனை கேட்கலாம் என்று சொல்லி அனுப்பினேன்.

அதே கூட்டத்தின் கடைசியில் எங்கள் கொண்டாட்டங்களைப் பற்றியும் பேசினேன். சாமத்திய வீட்டிலும் பிறந்தநாளிலும் மேசைக்குக் கீழே இருந்து வரும் விஸ்கியை "நீயும் இப்ப பெரிய ஆள்தானே, மருமோன்" என்று பதினைந்து வயதுப் பொடியனுக்கு ஊற்றிக் கொடுப்பது எங்கள் சித்தப்பாவும் மாமாவும்தான். கடைக்காரனைக் கட்டும் சட்டம் மாமாவைத் தேடி மண்டபத்துக்கு வருவதில்லை. இனி எங்கள் விழாக்களில் பிள்ளைகள் இருக்கும் வரை போத்தல் வெளியே வரக்கூடாது என்று கேட்டுக்கொண்டேன். சில குடும்பங்கள் ஒத்துக்கொண்டன. சிலர், வந்த ஆட்களுக்கு மரியாதை செய்யாமல் எப்படி என்றார்கள். அவர்களோடு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன்.