முரசு ஊரில் ஒரு வலையொலி: தெரியுமா?

சிங்கப்பூரின் பிடோக் வட்டாரப் பெயருக்குள்ளேயே ஒரு முரசு இருக்கிறது, தெரியுமா? ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்க அடித்த பெரிய முரசுக்கு மலாயில் ‘பெடோ’ என்று பெயர். ஊர்ப்பெயர் அதிலிருந்து வந்தது என்பார்கள். 1604ல் எரேடியா என்பவர் வரைந்த வரைபடத்திலேயே இங்குள்ள ஆறு ‘சுனே போடோ’! 1935ல் கோ. சாரங்கபாணி சிங்கப்பூரில் தொடங்கிய பத்திரிகையின் பெயரும் தமிழ் முரசுதானே! இன்று பிடோக் அடுக்குமாடியில் கைப்பேசியோடு உட்கார்ந்து வலையொலி, அதாவது பாட்காஸ்ட், பதிவு செய்பவர் கையில் இருப்பதும் முரசுதான், கொஞ்சம் சின்னது.

‘பாட்காஸ்ட்’ என்ற சொல் பக்கம் நிரப்பப் பிறந்தது, தெரியுமா? 2004 பிப்ரவரி. ‘கார்டியன்’ நாளிதழில் பென் ஹாமர்ஸ்லியின் கட்டுரை அச்சுக்குப் போகிறது. பக்கத்தில் இடம் மிச்சம். ‘இன்னும் ஒரு வரி வேண்டும்’ என்றார்கள். ஐபாடையும் பிராட்காஸ்டையும் ஒட்டிப் போட்டார் மனிதர். மறு ஆண்டே ஆக்ஸ்ஃபர்டு அமெரிக்க அகராதியின் ‘ஆண்டின் சொல்’ அதுதான்! 2005 ஜூனில் ஐடியூன்ஸில் வலையொலிகள் நுழைந்ததும் இரண்டே நாளில் 10 லட்சம் சந்தா! 2022ல் ஐபாடே மூடுவிழா கண்டுவிட்டது. இனி அதன் பெயரை நாம் எதற்குச் சுமக்க வேண்டும்? ‘வலையொலி’ அழகாகத்தானே இருக்கிறது!

வீட்டு பாம் ஷெல்ட்டர் நல்ல ஸ்டூடியோ ஆகாது, தெரியுமா? கான்கிரீட் சுவர், இரும்புக் கதவு, சாங்கி விமானச் சத்தம்கூட அடங்கிவிடும், எல்லாம் சரி. ஆனால் வெறும் கான்கிரீட்டில் குரல் முட்டி முட்டித் திரும்பும். கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கும். துணி அலமாரியைத் திறந்துவைத்து அதன் முன் உட்காருங்கள். புடவையும் போர்வையும் எதிரொலியைக் குடித்துவிடும்! மைக் ஒரு சாண் தள்ளி, வாய்க்கு நேராக இல்லாமல் சற்றே பக்கவாட்டில் இருக்கட்டும். இல்லையென்றால் ஒவ்வொரு பகரமும் பட்டாசாய் வெடிக்கும். தமிழில் பகரத்துக்குப் பஞ்சமா என்ன!

அரை மணி நேரப் பேச்சு, ஒற்றைத் தடத்தில் 64 கேபிபிஎஸ் என்றால் 14 எம்பி சொச்சம்தான். ஒரே இடத்தில் ஏற்றினால் போதும். ஆர்எஸ்எஸ் என்கிற வெறும் எழுத்துக்கோப்பை ஸ்பாட்டிஃபையும் மற்றவையும் அவ்வப்போது எட்டிப் பார்த்துப் புதியதை அள்ளிக்கொள்ளும். விளம்பரத்துக்கு ஒரே ஒரு சூட்சுமம்: நிகழ்ச்சிப் பெயரைத் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் குறிப்பில் எழுதிவிடுங்கள். தேடுகிறவர்களில் பலர் ‘வணக்கம்’ என்பதையே ஆங்கில எழுத்தில்தானே தட்டுகிறார்கள்!

நீளம் எவ்வளவு? என் கணக்கு ரயில் கணக்கு: பிடோக்கில் ஏறியவர் லிட்டில் இந்தியாவில் இறங்குவதற்குள் முடிய வேண்டும். நடுவே பூகிஸில் வண்டி மாறவேண்டும். காதிலிருப்பதைக் கழற்றிப் பைக்குள் போடுகிற ஆபத்தான இடம் அது. 1950லிருந்து 1954 வரை வாரம் வாரம் ‘பொன்னியின் செல்வன்’ எழுதிய கல்கியைக் கேட்டால் சொல்லியிருப்பார்: பூகிஸுக்கு முந்தைய லாவெண்டர் நிலையம் தாண்டியதும் வந்தியத்தேவன் கழுத்தில் கத்தியை வை!