இல்லத்தில் ஒரு நந்தவனம்

மதுரை நகரின் தென்பகுதியான வில்லாபுரத்திலிருந்து மீனாட்சியம்மன் திருக்கோயில் சில கிலோமீட்டர் தூரம்தான். ஆயினும் முழங்கால் வலியும் போக்குவரத்து நெரிசலும் சேர்ந்து, முதியோருக்கு அதையே பெருந்தூரமாக்கிவிடுகின்றன. ஆடி வீதியை நாள்தோறும் வலம் வந்த கால்கள் வீட்டு வாசலோடு நின்றுவிடும்போது, ‘இனி நம்மால் சுவாமிக்கு என்ன செய்ய முடியும்?’ என்ற ஏக்கம் எழுவது இயல்பே. அந்த ஏக்கத்துக்கு விடையாக அமைவது இல்லத்து நந்தவனம்.

இதற்கு வழிகாட்டியவர் பெரியாழ்வார். விஷ்ணுசித்தர் என்னும் இயற்பெயர் கொண்ட அவர், ஸ்ரீவில்லிபுத்தூர் வடபத்ரசாயிப் பெருமாளுக்குத் திருமாலை கட்டுவதையே தம் கைங்கரியமாகக் கொண்டு, தம் கையாலேயே நந்தவனம் அமைத்தார். மதுரையில் பாண்டியன் சபையில் பரதத்துவத்தை நிலைநாட்டிப் பொற்கிழி பெற்றார். யானைமேல் பவனி வந்து திருப்பல்லாண்டு பாடினார். அத்தனை பெருமைக்குப் பிறகும் ஊர் திரும்பி அவர் கையில் எடுத்தது பூக்குடலையைத்தான் என்கிறது குருபரம்பரை வரலாறு. அந்த நந்தவனத்துத் துளசியடியில்தான் ஆடிப் பூர நன்னாளில் ஆண்டாள் அவதரித்தாள். அவள் சூடிக் களைந்த மாலை இன்றும் சித்திரைத் திருவிழாவின்போது மதுரைக்கு வருகிறது. அதை அணிந்துகொண்டே கள்ளழகர் வைகையில் எழுந்தருளுகிறார்.

நந்தவனம் என்றவுடன் பெரிய நிலம் வேண்டும் என்று எண்ண வேண்டியதில்லை. வீட்டின் கொல்லைப்புறமோ மொட்டை மாடியோ போதும். மாடியில் வைப்போர் தொட்டிகளைத் தளத்தின் நடுவே குவிக்காமல், சுவரும் உத்தரமும் தாங்கும் ஓரங்களில் வைக்க வேண்டும். அடியில் செங்கல் கொடுத்தால் நீர் தேங்காது. தளத்தில் ஓதமும் இறங்காது.

முதலில் துளசி. அடுத்து, ஆண்டு முழுவதும் பூக்கும் நந்தியாவட்டை. 2013-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிக்கு நல்ல வெயில் வேண்டும். கார்த்திகை, மார்கழியில் ஒன்றரை அடி உயரம் விட்டுக் கவாத்து செய்தால், பங்குனி முதல் ஆடி வரை பூக்கும். மண்தரை உள்ளவர்கள் பவழமல்லி வைக்கலாம். உதிர்ந்த பூ பூஜைக்கு ஆகாது என்ற விதிக்கு அது விலக்கு. விடியலில் குனிந்து பொறுக்க இயலாதோர் மரத்தடியில் வெள்ளைத் துணி விரித்து வைத்தால் போதும். மதுரைக்குக் கடம்பவனம் என்ற பெயர் உண்டெனினும், கடம்பு பெருமரமாக வளர்வதால் சிறிய மனைக்கு ஏற்றதன்று. அரளியின் எல்லாப் பாகமும் நஞ்சு. பேரக்குழந்தைகள் உள்ள வீட்டில் அதைத் தவிர்ப்பதே நலம்.

மதுரையின் கோடையில் காலை, மாலை இருவேளையும் நீர் வார்க்க வேண்டியிருக்கும். அரிசி கழுவிய நீரும் செடிக்கு உதவும். நிறைகுடம் தூக்குவது முதியோருக்கு ஆகாது. சிறு செம்பால் பலமுறை வார்ப்பதே ஏற்றது. ஒவ்வொரு செம்புக்கும் ஒரு திருநாமம் சொன்னால், நீர் வார்ப்பதே ஜபமாகிவிடும்.

செடிகளுக்கு நடுவே, சாய்ந்து அமர ஒரு நாற்காலிக்கு மட்டும் இடம் விட்டு வைக்கலாம். தொலைக்காட்சி ஒலியும் தொலைபேசி மணியும் எட்டாத வைகறையில், அங்கே அரை மணி நேரம் அமர்ந்து பாராயணம் செய்பவருக்கு அதுவே பர்ணசாலை.

இலையோ, பூவோ, பழமோ, நீரோ, அன்போடு தருவதை ஏற்பதாகக் கீதையில் கண்ணன் வாக்களித்திருக்கிறான். அவன் அளவு கேட்கவில்லை, வயதும் கேட்கவில்லை. கோயிலுக்கு நடக்க முடியாதவர் தம் தோட்டத்துப் பூவைத் தொடுத்து, அவ்வழியே செல்லும் பேரன் கையிலோ அண்டை வீட்டார் கையிலோ கொடுத்தனுப்பலாம். கால்கள் வீட்டில் நின்றாலும், கைகள் செய்த தொண்டு சந்நிதியைச் சென்று சேரும்.