கருமபீடம் இடம்மாறுகின்றது; கதவு யாருக்குத் திறக்கின்றது?

வங்கி, தொலைபேசி நிறுவனம், காப்புறுதிக் கம்பனி, விமான சேவை என்று எதனுடைய இணையத்தளத்தைத் திறந்தாலும் திரையின் மூலையில் இப்போது ஒரு சிறு வட்டம் தோன்றுகின்றது. அதை அழுத்தினால், உங்களுக்கு எவ்வாறு உதவலாம் என்று ஒரு பெட்டி கேட்கின்றது. அப்பெட்டியின் மறுபுறத்தில் மனிதர் எவரும் இல்லை. கேள்வியைப் படித்து, தன்னிடமுள்ள தகவல்களிலிருந்து பதிலைத் தெரிந்தெடுத்தோ தொகுத்தோ எழுதியனுப்பும் கணினி நிரலொன்றே அங்கு பேசுகின்றது. சட்பொட் என்று இதனை அழைக்கின்றனர். 1966ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் ஜோசப் வைசன்பௌம் உருவாக்கிய எலிசா என்ற நிரல் இதன் மூதாதை. 2022 நவம்பரில் சட்ஜிபிடி வெளியானதன் பின்னர், தமக்கும் இவ்வாறான ஒன்று வேண்டும் என்ற ஆவல் நிறுவனங்கள் அனைத்தையும் பற்றிக்கொண்டுள்ளது.

ஆவலில் தவறில்லை. ஆயினும், கருமபீடத்தில் அமர்ந்திருந்த உத்தியோகத்தரின் இடத்துக்கு இந்தப் பெட்டி வந்துகொண்டிருக்கின்றது என்பதை நாம் கவனிக்கத் தவறக்கூடாது. அரசாங்கக் கொடுப்பனவுகளை இணையவழியில் செலுத்துவதற்கான 'கவ்பே' திட்டம் 2025 பெப்ரவரியில் ஆரம்பிக்கப்பட்டது. டிஜிட்டல் அடையாள அட்டைக்கான ஏற்பாடுகள் நடைபெறுகின்றன. உம்றாவுக்குச் செல்லும் ஒருவர் மதீனாவில் றவ்ழா ஷரீபில் தொழுவதற்கான அனுமதியைக்கூட 'நுசுக்' என்ற செயலி மூலமே பெற வேண்டியுள்ளது. கருமபீடம் திரைக்கு இடம்மாறும்போது அந்தத் திரையைப் பார்க்க முடியாதவரும், சுட்டியைப் பிடிக்க முடியாதவரும், வேகமாக எழுத முடியாதவரும் எங்கே செல்வது என்ற கேள்வி மட்டும் போதியளவு எழுப்பப்படவில்லை.

இது ஒரு சிலரின் பிரச்சினையல்ல. 2012ஆம் ஆண்டின் சனத்தொகை, வீடமைப்புக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 வீதமானோர், அதாவது 16 இலட்சத்துக்கும் அதிகமானோர், ஏதேனும் ஒரு வகையில் உடல், உள இயலாமையுடன் வாழ்பவர்கள். பார்ப்பதில் சிரமம் உடையோர் மாத்திரம் ஏறத்தாழ 10 இலட்சம். செவிப்புலன் சிரமம் உடையோர் நான்கு இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு.

மாளிகாவத்தையை எடுத்துக்கொள்வோம். மின்தூக்கியில்லாத தொடர்மாடியொன்றின் மேல்மாடியில் வசிக்கும் நடமாட முடியாத ஒருவரை, ஒரு கடிதத்தைக் கையளிப்பதற்காகக் கீழே இறக்குவதென்றால் நான்கு பேர் தூக்க வேண்டும். பின்னர் முச்சக்கர வண்டி, அதன் பின்னர் வரிசை. அவருக்கு இந்தச் சட்பொட் ஒரு வரப்பிரசாதமாக அமைய முடியும். செவிப்புலனற்றவருக்கும் அவ்வாறே. அரசாங்கத் தகவல் நிலையத்தின் 1919 என்ற இலக்கம் எவ்வளவு பயனுள்ளதாயினும் அது காதால் கேட்க வேண்டிய சேவை. எழுத்தால் கேட்டு எழுத்தால் பதில் பெறும் பெட்டி அவருக்கு முதற்தடவையாக ஒரு நேரடி வழியைத் தருகின்றது. ஆனால் சைகை மொழியையே முதல்மொழியாகக் கொண்டு வளர்ந்தவருக்கு எழுத்துத் தமிழ் இரண்டாம் மொழி போன்றது. சுற்றுநிருப நடையில் நாற்பது சொற்களைக் கொண்ட வாக்கியத்தில் பதில் வருமாயின் அவருக்குத் திறந்த கதவு பாதியில் மூடிக்கொள்கின்றது.

பார்வைப்புலனற்றவரின் நிலைமையோ முற்றிலும் வேறு. நீரிழிவினால் பார்வையை இழந்த, மாளிகாவத்தையைச் சேர்ந்த எமது வாசகர் ஒருவர் அண்மையில் தமது மடிக்கணினியுடன் எமது அலுவலகத்துக்கு வந்து, தனியார் வங்கியொன்றின் சட்பொட்டைப் பயன்படுத்திக் காட்டினார். அவர் பயன்படுத்துவது என்விடிஏ என்ற திரைவாசிப்பான். அவுஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர்களால் உருவாக்கப்பட்டு, 2006 முதல் இலவசமாக வழங்கப்படும் இந்த மென்பொருள் திரையிலுள்ள எழுத்துகளை உரத்து வாசிக்கின்றது, தமிழையும் வாசிக்கின்றது. சுட்டியைத் தொடாமல் விசைப்பலகையால் மாத்திரமே அவர் கணினியை இயக்குகின்றார்.

வட்டத்தின் மீது அவர் வந்து நின்றபோது திரைவாசிப்பான் 'பொத்தான்' என்று மட்டும் சொன்னது. எதற்கான பொத்தான் என்று சொல்லவில்லை. அதை அமைத்தவர் படமொன்றை வைத்தாரேயன்றி அதற்குப் பெயரிடவில்லை. ஊகித்து அழுத்தினார். பெட்டி திறந்தது எமக்குத் தெரிந்தது, அவருக்குத் தெரியவில்லை. எப்படியோ தேடிப்பிடித்துக் கேள்வியை எழுதி அனுப்பினார். பதில் வந்துவிட்டது, நாம் அதைப் படித்தும் விட்டோம். அவரோ இன்னும் காத்திருந்தார். பதில் வந்திருப்பதாக நாம் கூறிய பின்னர், வரிவரியாக மேலேறி அதனைத் தேடினார். அதற்கிடையில், நீங்கள் பதிலளிக்காமையினால் உரையாடல் முடிவுறுத்தப்படுகின்றது என்று பெட்டி தன்னை மூடிக்கொண்டது. மீண்டும் தொடங்கியபோது, தான் இயந்திரமல்லர் என்பதை நிரூபிப்பதற்குப் படங்களிலுள்ள போக்குவரத்து விளக்குகளைத் தெரிவுசெய்யுமாறு கேட்கப்பட்டது. இயந்திரமொன்று மனிதனிடம் மனிதனென்பதற்கு அத்தாட்சி கேட்கும் விந்தையைப் பற்றி அவர் கூறிய பகடியை இங்கு அச்சிட முடியாது.

இவை ஒவ்வொன்றுக்கும் பரிகாரம் உண்டு என்பதே இங்கு முக்கியமானது. திரைவாசிப்பான், பயனாளர் நிற்கும் இடத்தையே வாசிக்கும். பக்கத்தின் வேறோரிடத்தில் புதிதாக ஒன்று தோன்றினால் அது தானாக அறியாது. இது புதிய செய்தி, அறிவிக்கவும் என்று அந்தப் பகுதிக்கு ஒரு குறிப்பு இடப்பட்டிருக்க வேண்டும். அக்குறிப்பு நிரலில் ஒரு சொல் அல்லது இரண்டு சொற்கள்தான். இணையத்தின் பொதுத்தரங்களை வகுக்கும் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு வெளியிட்டுள்ள அணுகல் வழிகாட்டியின் 2018ஆம் ஆண்டுப் பதிப்பில் இது தெளிவாகக் கூறப்பட்டுள்ளது. பொத்தானுக்குப் பெயர் வேண்டும், விசைப்பலகையால் பெட்டிக்குள் நுழையவும் வெளியேறவும் முடிய வேண்டும், நேர எல்லை வைப்பதாயின் முன்னறிவித்து, அதனை நீடிப்பதற்கு ஆகக்குறைந்தது 20 செக்கன் அவகாசம் தர வேண்டும் என்பனவெல்லாம் 2008ஆம் ஆண்டின் பதிப்பிலேயே இருந்தவை. வெண்ணிறப் பின்னணியில் மங்கிய சாம்பல் எழுத்து என்ற நாகரிகத்துக்கும் அதே பதிப்பு எல்லை வகுத்துள்ளது. 2023 ஒக்டோபரில் வெளியான பதிப்பு, உதவிபெறும் வழி ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே ஒழுங்கில் இருக்க வேண்டும் என்று கூறுகையில் தானியங்கி உரையாடலையும் அவ்வழிகளுள் ஒன்றாகக் குறிப்பிடுகின்றது.

செயற்கை நுண்ணறிவுடன் புதிதாக வந்தவற்றில் இன்னொரு தொல்லை சேர்ந்துள்ளது. அவை பதிலைச் சொல் சொல்லாகத் தட்டச்சு செய்வதுபோல் காட்டுகின்றன. பார்ப்பவர்க்கு அது அழகு. கேட்பவருக்கு அரைகுறை வாக்கியங்கள் மீண்டும் மீண்டும் காதில் விழும் இரைச்சல். பதில் நிறைவுற்ற பின்னர் ஒரே தடவையில் அறிவித்தால் போதும். குரலால் பேசும் சட்பொட் வந்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்போரும் உளர். பார்வையற்றவருக்கு அது உதவலாம். திக்குவாய் உடையவருக்கும் பக்கவாதத்தால் பேச்சுக் குழறியவருக்கும் அது புதிய தடை; செவிப்புலனற்றவருக்கு அது மூடிய கதவே. ஒரே பதில் எழுத்தாகவும் ஒலியாகவும் கிடைக்க வேண்டும். எவ்வழியைப் பயன்படுத்துவதென்பது அவரவர் தெரிவாக இருக்க வேண்டும்.

தமிழ் பேசுவோருக்கு இவற்றின் மேல் இன்னுமொரு மாடி உண்டு. எமது நாட்டில் நீண்டகாலமாகத் தமிழ் ஆவணங்கள் பாமினி போன்ற எழுத்துருக்களில் தயாரிக்கப்பட்டு வந்துள்ளன. பாமினியில் 'அம்மா' என்று எழுதினால் கண்ணுக்கு அம்மா தெரிகின்றது. கணினியின் உள்ளே இருப்பதோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகள். திரைவாசிப்பான் அவற்றையே வாசிக்கும். அவ்வாறான பழைய ஆவணத்தை, அல்லது வருடிய படமொன்றை, சட்பொட் பதிலாக நீட்டுமாயின் பார்வையற்ற தமிழருக்குக் கிடைப்பது வெறும் ஓசை. யுனிகோட் எழுத்தில் வரும் பதிலுங்கூட, பக்கத்தின் மொழி ஆங்கிலம் என்று நிரலில் குறிக்கப்பட்டிருந்தால் ஆங்கிலக் குரலுக்குள் சிக்கிச் சீரழிகின்றது. இது தமிழ் என்ற குறிப்பு அந்தப் பகுதிக்கு வேண்டும். இவையெல்லாம் சட்பொட் தமிழ் அறிந்திருந்தால் எழும் பிரச்சினைகள். தமிழ் 1987இன் பதின்மூன்றாம் திருத்தத்தின் மூலம் அரசகரும மொழியாக்கப்பட்ட நாட்டில், தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கோரும் பெட்டியைத் திறந்துவைத்துவிட்டு அதற்கு விழா எடுப்பதும் நடக்கின்றது.

வேறொருவரின் துணையுடன் செய்துகொள்ளலாமே என்று சிலர் கேட்கக்கூடும். எமது வாசகரும் அவ்வாறுதான் செய்து வருகின்றார். அயல்வீட்டு மாணவனிடம் அடையாள அட்டை இலக்கத்தையும், கைத்தொலைபேசிக்கு வரும் கடவு இலக்கத்தையும், கணக்கில் எஞ்சியுள்ள தொகையையும் சொல்ல வேண்டியிருக்கின்றது. பையன் நல்லவன் என்றார். நல்லவனாக இருப்பது அவரது அதிர்ஷ்டம். தமது பணத்தைப் பற்றிய இரகசியத்தை வயது வந்த ஒருவர் அயலவரின் அமானிதமாக ஒப்படைக்க வேண்டிய கட்டாயம், இணையச் சேவையொன்றை அவசரமாக அமைத்தவர்களால் உண்டாக்கப்பட்டது.

சட்டம் இல்லாமல் இல்லை. வலதுகுறைந்த ஆட்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 1996இல் நிறைவேற்றப்பட்டது. அதன் கீழ், அணுகல் வசதிக்கான ஒழுங்குவிதிகள் 2006 ஒக்டோபரில் வர்த்தமானியில் வெளியாகின. அப்போதிருந்த பொதுக் கட்டடங்களுக்கு மூன்று வருட அவகாசம் வழங்கப்பட்டது. மூன்று வருடங்களில் என்ன நடந்தது? வீதியோர மரமொன்று வாகனத்தின் மீது வீழ்ந்ததால் 1992 முதல் சக்கர நாற்காலியில் வாழ்ந்த கலாநிதி அஜித் பெரேரா உயர் நீதிமன்றத்துக்குச் செல்ல வேண்டியிருந்தது. 2011 ஏப்ரலில் நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு, அணுகல் வசதியின்றிப் புதிய பொதுக் கட்டடங்கள் எழுப்பப்படலாகாது என்றது. அதற்குப் பின்னர் எழுந்த கட்டடங்களிலும் சாய்தளம் என்ற பெயரில் செங்குத்தான சீமெந்துச் சரிவுகளை நாம் கண்டிருக்கின்றோம். கட்டி முடித்த பின்னர் படிக்கட்டை உடைப்பது செலவு மிக்கது, ஆகவே உடைக்கப்படுவதில்லை.

அந்த ஒழுங்குவிதிகள் பொதுக் கட்டடங்களை மட்டுமன்றிப் பொதுச் சேவைகள் கிடைக்கும் இடங்களையும் குறிப்பிடுகின்றன. எனினும் விபரங்கள் யாவும் கதவு, சரிவு, கழிப்பறை பற்றியவையே. 2006இல் வேறெதையும் எதிர்பார்த்திருக்கவும் முடியாது. ஆனால் இலங்கை 2007இல் கைச்சாத்திட்டு 2016 பெப்ரவரியில் ஏற்று உறுதிப்படுத்திய ஐக்கிய நாடுகளின் சமவாயத்தின் 9ஆம் உறுப்புரை, தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பத்தையும் கட்டடத்துக்குச் சமமாகவே வைக்கின்றது. அயல்நாடான இந்தியாவில், கண் சிமிட்டிக் காட்டினாலன்றி வங்கிக் கணக்குத் திறக்க முடியாது என்று கூறப்பட்ட அமில வீச்சினால் பாதிக்கப்பட்ட பெண்ணொருவரும், பார்வையற்ற ஒருவரும் தொடுத்த வழக்குகளில், நீதியரசர்கள் பர்திவாலா, மகாதேவன் ஆகியோர் 2025 ஏப்ரல் 30ஆம் திகதி தீர்ப்பளித்தனர். டிஜிட்டல் சேவைகளை அணுகுவது வாழும் உரிமையின் ஓர் அங்கம் என்று கூறிய அத்தீர்ப்பு அரசுக்கும் நிறுவனங்களுக்கும் 20 பணிப்புரைகளை விடுத்தது. நமது நாட்டிலும் ஒருவர் நீதிமன்றம் செல்லும்வரை காத்திருக்க வேண்டுமா என்பதைச் சம்பந்தப்பட்டோர் சிந்திக்க வேண்டும்.

சட்பொட்டுகளில் பெரும்பாலானவை வெளிநிறுவனங்களிடம் விலைக்கு வாங்கப்படுபவை. ஆகவே, வாங்கும்போது கேட்பதே வழி. அரசாங்கத் திணைக்களம் ஒன்று விலைமனுக் கோரும் ஆவணத்தில், மேற்கூறிய வழிகாட்டிக்கு இணங்க அமைதல் வேண்டும், மூன்று மொழிகளிலும் திரைவாசிப்பானுடன் இயங்கிக் காட்டுதல் வேண்டும், எந்தக் கட்டத்திலும் மனித உத்தியோகத்தரிடம் எழுத்து மூலமோ தொலைபேசி மூலமோ செல்வதற்கு வழி இருத்தல் வேண்டும் என்ற மூன்று நிபந்தனைகள் சேர்க்கப்பட்டால் வழங்குநர் அவற்றைத் தமது விலைக்குள் அடக்கிக்கொள்வார். பொருளை ஏற்றுக்கொள்ளுமுன்னர் பார்வையற்ற ஒருவரையும் செவிப்புலனற்ற ஒருவரையும் கை நடுங்கும் முதியவர் ஒருவரையும் அழைத்து, கொடுப்பனவு வழங்கிப் பரிசோதிக்கவும் வேண்டும். இத்தகைய பரிசோதனைக்கு அமைப்பாளர்களின் ஊழியர்கள் பொருத்தமற்றவர்கள். அவர்களுக்குப் பொத்தான் இருக்கும் இடம் ஏற்கெனவே தெரியும்.

அதுவரை, இணையத்தளத்துக்குப் பொறுப்பான அதிகாரிகள் தமது மேசையிலேயே செய்து பார்க்கக்கூடியது ஒன்றுண்டு. சுட்டியைக் கழற்றி லாச்சியில் வைத்துவிட்டு, இலவசத் திரைவாசிப்பானை நிறுவி, கணினித் திரையை அணைத்த நிலையில் தமது சொந்தச் சட்பொட்டிடம் நிலுவைக் கட்டணம் எவ்வளவு என்று தமிழில் கேட்டுப் பார்க்கலாம். பத்து நிமிடங்கள் போதும்.