ஒரு புள்ளியில் தப்பிய மான்செஸ்டர்!



பள்ளிக்கூடத்தில் தேர்வில் தோற்றால் என்ன ஆகும்? அதே வகுப்பில் இன்னும் ஓர் ஆண்டு உட்கார வேண்டும். இங்கிலாந்து நாட்டுக் கால்பந்தில் அதைவிடப் பொல்லாத விதி ஒன்று உண்டு. அங்கே தோற்றால் கீழ் வகுப்புக்கே அனுப்பிவிடுவார்கள்!

நான் சொல்லப்போவது 1914-15-ம் ஆண்டுப் போட்டிகளைப் பற்றி. அப்போது அங்கே லீக் போட்டியில் இரண்டு பிரிவுகள். ஒவ்வொன்றிலும் 20 அணிகள். ஒவ்வோர் அணியும் மற்ற 19 அணிகளோடு சொந்த ஊரில் ஒரு முறை, எதிரியின் ஊரில் ஒரு முறை என மொத்தம் 38 ஆட்டங்கள் ஆட வேண்டும். வெற்றிக்கு 2 புள்ளி, சமனுக்கு 1 புள்ளி, தோல்விக்கு சைபர். முதல் பிரிவில் 19, 20-ம் இடம் பிடிக்கும் அணிகள் இரண்டாம் பிரிவுக்கு இறங்கிவிட வேண்டும். அங்கே முதலிரண்டு இடம் பெற்ற அணிகள் மேலே ஏறிவிடும். இறங்கிய அணிக்குக் கூட்டமும் குறையும், வசூலும் குறையும். நல்ல ஆட்டக்காரர்களும் வேறிடம் பார்த்துப் போய்விடுவார்கள்.

அந்த ஆண்டு இறங்கும் அபாயத்தில் தவித்த அணி எது தெரியுமா? மான்செஸ்டர் யுனைடெட்! என்ன, நம்ப முடியவில்லையா? 1908-லும் 1911-லும் முதல் பிரிவில் வாகை சூடிய அணிதான் அது. 1909-ல் எஃப்.ஏ. கோப்பையையும் வென்றது. அந்த இறுதி ஆட்டத்தின் ஒரே கோலை அடித்தவர் சாண்டி டர்ன்புல். 1910-ல் ஓல்டு டிராஃபோர்டு என்ற புது மைதானம் திறந்தபோது, அங்கே முதல் கோலை அடித்தவரும் அவரே. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வரும்.

நான்கே ஆண்டுகளில் அணி தேய்ந்துவிட்டது. மறுபுறம், 1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் தொடங்கியிருந்தது. "நாட்டு இளைஞர்கள் போர்முனையில் சாகிறார்கள், இங்கே பந்து உதைக்கிறீர்களா?" என்று பலரும் ஏசினார்கள். இந்தப் பருவம் முடிந்ததும் லீக் நின்றுவிடும் என்பது ஆட்டக்காரர்களுக்குப் புரிந்துவிட்டது. லீக் நின்றால் சம்பளமும் நின்றுவிடும். அடுத்த மாதம் வீட்டில் அடுப்பு எரிய என்ன செய்வது என்ற கவலை பலருக்கு.

1915 ஏப்ரல் 2, புனித வெள்ளி. ஓல்டு டிராஃபோர்டில் மான்செஸ்டரும் லிவர்பூலும் மோதின. லிவர்பூல் நடு வரிசையில் பத்திரமாக இருந்தது. மான்செஸ்டரோ அடிமட்டத்தில்.

இடைவேளைக்கு முன்பே மான்செஸ்டரின் ஜார்ஜ் ஆண்டர்சன் ஒரு கோல் போட்டார். இடைவேளைக்குப் பின் மான்செஸ்டருக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. அடித்தவர் பேட் ஓகானல். பந்து கோலை விட்டு எங்கோ விலகிப் போயிற்று! (அவர் மேல் எந்தக் குற்றமும் பிறகு நிரூபிக்கப்படவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) பிறகு ஆண்டர்சன் இரண்டாவது கோலும் போட்டார். 2-0. அதன் பிறகு ஆட்டத்தில் உயிரே இல்லை. பார்வையாளர்கள் கூச்சல் போட்டார்கள். கடைசி நேரத்தில் லிவர்பூலின் பிரெட் பக்னம் உதைத்த பந்து, கோலின் குறுக்குச் சட்டத்தில் பட்டுத் திரும்பியது. ஐயோ, தவறிவிட்டதே என்று அவருடைய அணியினர் வருந்தியிருக்க வேண்டும் அல்லவா? அதற்குப் பதில், ஏன் அடித்தாய் என்று அவர் மேலேயே கோபப்பட்டார்கள்!

காரணம் சில நாட்களில் வெளிப்பட்டது. "மான்செஸ்டர் 2-0 என்று வெல்லும்" என்று நிறையப் பேர் பந்தயம் கட்டியிருந்தார்கள். ஒரு பவுண்டு கட்டினால் 7 பவுண்டு லாபம். ஒரே எண்ணிக்கையின் மேல் இவ்வளவு பணமா என்று பந்தயம் நடத்தியவர்களுக்குச் சந்தேகம் வந்தது. கால்பந்துச் சங்கம் விசாரணையில் இறங்கியது.

விசாரணை 1915 டிசம்பரில் முடிந்தது. ஆட்டத்தின் முடிவை இரு அணி வீரர்களில் சிலர் முன்கூட்டியே பேசி வைத்திருந்தார்கள். லிவர்பூலில் நால்வர்: ஜாக்கி ஷெல்டன், டாம் மில்லர், பாப் பர்செல், தாமஸ் ஃபேர்ஃபூல். மான்செஸ்டரில் மூவர்: ஏனக் வெஸ்ட், ஆர்தர் வாலி, நம்முடைய சாண்டி டர்ன்புல். இந்த மூவரில் அன்று களத்தில் ஆடியவர் வெஸ்ட் மட்டுமே! ஏழு பேருக்கும் ஆயுள் முழுவதும் தடை. அணியைக் காப்பாற்ற அவர்கள் இதைச் செய்யவில்லை, பணத்துக்காகத்தான் செய்தார்கள் என்பது தீர்ப்பு. ஆகவே இரு அணிகளுக்கும் தண்டனை இல்லை. 2 புள்ளிகளும் மான்செஸ்டரிடமே இருந்தன.

இது எனக்குச் சரியாகப் படவில்லை. ஏன் என்று காட்டுகிறேன். பென்சிலை எடுங்கள், ஒரு கணக்குப் போடுவோம்.

பருவ முடிவில் 18-வது இடம் மான்செஸ்டர், 30 புள்ளி. 19-வது செல்சி, 29 புள்ளி. 20-வது டாட்டன்ஹாம், 28 புள்ளி. ஒரே ஒரு புள்ளியில் மான்செஸ்டர் தப்பிவிட்டது!

புனித வெள்ளி ஆட்டத்தில் மான்செஸ்டர் தோற்றிருந்தால்? 30-ல் 2 போனால் 28. செல்சி மேலே போயிருக்கும். ஆட்டம் 0-0 என்று முடிந்திருந்தால்? இரண்டுக்கும் 29. அப்போது கோல் விகிதம் பார்ப்பார்கள். அதாவது, போட்ட கோலை வாங்கிய கோலால் வகுக்க வேண்டும். செல்சி 51 போட்டு 65 வாங்கியது. மான்செஸ்டர் 46 போட்டு 62 வாங்கியது. அந்த 2 கோலைக் கழித்தால் 44. வகுத்துப் பாருங்கள். செல்சிக்கு 0.78, மான்செஸ்டருக்கு 0.71. அப்போதும் மான்செஸ்டர்தான் இறங்கியிருக்கும்!

செல்சியின் நிலையை எண்ணிப் பாருங்கள். அதே ஏப்ரல் 24-ம் தேதி, அதே ஓல்டு டிராஃபோர்டு மைதானத்தில் அவர்கள் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டம் ஆடி, ஷெஃபீல்டு யுனைடெட்டிடம் 3-0 என்று தோற்றார்கள். கோப்பையும் போயிற்று, லீகில் இடமும் போயிற்று.

போர் முடிந்து 1919-ல் லீக் மறுபடி தொடங்கும்போது ஒரு வழி பிறந்தது. முதல் பிரிவை 20-லிருந்து 22 அணிகளாகப் பெருக்கினார்கள். இரண்டாம் பிரிவின் முதலிரண்டு அணிகளான டெர்பி கவுண்டியும் பிரெஸ்டனும் மேலே வந்தன. செல்சிக்குப் போட்டியில்லாமல் இடம் கொடுத்துவிட்டார்கள். மீதி ஓர் இடம். அது டாட்டன்ஹாமுக்குத்தானே போக வேண்டும்? அங்கேதான் வேடிக்கை. ஓட்டெடுப்பு வைத்தார்கள். இரண்டாம் பிரிவில் முதல் நான்கு இடங்களுக்குள்கூட வராத ஆர்சனலுக்கு 18 ஓட்டு, டாட்டன்ஹாமுக்கு 8! ஆர்சனலின் தலைவர் ஹென்றி நாரிஸ் செல்வாக்கு மிகுந்தவர், நாடாளுமன்ற உறுப்பினர். அந்த ஓட்டு எப்படி விழுந்தது என்று லண்டனில் இன்றும் சண்டை போடுகிறார்கள். அன்று மேலே ஏறிய ஆர்சனல் அதன்பின் இறங்கியதே இல்லை. டாட்டன்ஹாமும் சளைக்கவில்லை. அடுத்த ஆண்டே இரண்டாம் பிரிவில் முதலிடம் பிடித்து மேலே வந்துவிட்டது.

மான்செஸ்டர்? அன்று தப்பிய இடம் நெடுநாள் நிலைக்கவில்லை. 1922-ல் 22-வதாக வந்து, இறங்கியே விட்டது.

அந்த ஏழு பேர் என்ன ஆனார்கள்? போரில் நாட்டுக்குச் செய்த சேவைக்காக 1919-ல் தடையை நீக்கினார்கள். ஷெல்டன் லிவர்பூலுக்கே மறுபடி ஆடினார். மில்லர் பிறகு மான்செஸ்டர் யுனைடெட்டுக்கே ஆடினார்! சாண்டி டர்ன்புல்லின் தடையும் நீங்கியது. ஆனால் ஆட அவர் இல்லை. 1917 மே 3-ம் தேதி பிரான்சில், அராஸ் போர்க்களத்தில் மாண்டுவிட்டார்.

ஒருவருக்கு மட்டும் தடை நீங்கவில்லை. ஏனக் வெஸ்ட். "நான் குற்றமற்றவன்" என்று அவர் வழக்கே போட்டுப் பார்த்தார், தோற்றுப்போனார். அவருடைய தடை நீங்கியது 1945-ல். அப்போது அவருக்கு வயது 59.