தகடிழந்த துவிச்சக்கரவண்டி

யாழ்ப்பாணத்தில் ஒரு தலைமுறைக்கு முன் வாழ்ந்தோரிடம் அவர்தம் துவிச்சக்கரவண்டியின் பெயரைக் கேட்டால், குலப்பெயரைக் கூறுவது போலத் தயக்கமின்றிக் கூறுவர். றலி, ஹம்பர், றட்ஜ், பி. எஸ். ஏ., ஹேர்க்குலிஸ் என்பன இங்கிலாந்துத் தொழிற்சாலைகளின் பெயர்களெனினும், நம் ஒழுங்கைகளிலே அவை வீட்டுப் பெயர்களாகிவிட்டன. ஆயினும் அவ்வண்டிகளுள் இன்றும் எஞ்சி நிற்பன எவ்வெத் தொழிற்சாலையில் பிறந்தன என்று துணிதல் எளிதன்று. நெற்றித் தகடு கழன்றிருக்கும். எழுத்துகள் மும்முறை பூசிய கறுப்பு வர்ணத்தின் கீழ் மறைந்திருக்கும்.

எங்கள் தந்தையாரின் வண்டியும் அத்தகையதே. நடுச்சட்டத்தின் ஊடாகக் காலை நுழைத்து மிதித்து நானும் தமையனாரும் பழகியது அதிலேதான். தொண்ணூறுகளில், எரிபொருட் தடையிருந்த காலத்திலே, அதன் டைனமோ இரவில் வானொலிப் பெட்டிக்கு மின் அளித்தது. 1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் மக்கள் ஒருங்கே தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது, ஆச்சியைப் பின் கரியரில் இருத்தி, அரிசிப் பையைக் கைபிடியில் தொங்கவிட்டு, நாவற்குழிப் பாலத்தினூடாக உருட்டிச் சென்றதும் அதனையே.

வெளிநாட்டில் வாழும் தமையனார் இப்பொழுது அதனைப் புதுப்பிக்கப் பணம் தர முன்வந்துள்ளார். பழைய சின்னங்களை அச்சொட்டாகச் செய்து விற்போர் இங்கிலாந்தில் உளர். அவர் வேண்டுவது றலியின் நாரைச் சின்னம். அன்னையாரோ தம் இறுதிக்காலம் வரை, "அது ஹம்பர் தம்பி, உங்கட ஐயா அதுக்கெண்டே ரண்டு வருஷம் காசு சேர்த்தவர்" என்றே சொல்லி வந்தவர். ஈராண்டு சேமித்து வாங்கிய பொருளின் நெற்றியில் வேறொன்றின் பெயரை ஒட்டிவிடுதல் தகாது என்பதே என்னை இவ்வாராய்ச்சியில் இறக்கியது.

நெற்றித் தகடு இருந்தாலுமே அது வலிய சான்றன்று. இரண்டு சிற்றாணிகளில் நிற்பதை எவரும் மாற்றிவிடலாம். கழற்றக் கடினமான உறுப்புகளே நம்பத்தக்கவை. முதலில் நோக்கவேண்டியது பெடலோடு சுழலும் பற்சக்கரம். அக்காலத்து ஆங்கிலத் தொழிலகங்கள் அச்சக்கரத்தின் இடைவெளிகளையே தம் முத்திரையாக வெட்டின. றலியில் நாரைத் தலைகள், றட்ஜில் விரித்த கை, பி. எஸ். ஏ. யில் அம்மூன்று எழுத்துகள். ஹம்பரிலோ வட்டமாக நிற்கும் ஐந்து மனித உருவங்கள். மண்ணெண்ணெயால் கழுவிப் பல்லாண்டு அழுக்கை நீக்கியபோது வெளிப்பட்டவர் அந்த ஐவரே. எத்தனை ஆயிரம் மைல் எங்களோடு சுழன்றார்களோ!

ஆனால் பற்சக்கரமும் மாற்றக்கூடியதே. யுத்த காலத்தில் ஒரு வண்டியின் உறுப்பு மற்றொன்றுக்குப் போவது நாளாந்த நிகழ்ச்சி. ஆகவே முன்கவரை நோக்கினேன். ஏனைய வண்டிகளில் முன்சில்லின் இருமருங்கும் ஒவ்வொரு குழாயே இறங்கும். ஹம்பரின் பெருவண்டிகளிலோ மருங்குக்கு இரண்டாக நான்கு மெல்லிய குழாய்கள். எங்கள் வண்டியில் நான்கும் உள. கவரின் தோளையும் சட்டத்தின் கழுத்தையும் சுரண்டிப் பார்த்தேன். இரண்டிலும் ஒரே வர்ண அடுக்குகள், ஒரே வரிசையில். இரண்டும் ஒருங்கே இருந்து முதுமையடைந்தவை என்பதில் எனக்கு ஐயமில்லை.

அன்னையாரின் பக்கம் வழக்கு முடிந்தது எனலாம். வரலாறோ அதனை மீண்டும் திறக்கிறது. தோமஸ் ஹம்பர் நொட்டிங்காமை அடுத்த பீஸ்ரனில் வளர்த்த தொழிலின் துவிச்சக்கரவண்டிப் பகுதி 1932 இல் றலிக்குக் கைமாறியது. றட்ஜ் 1943 இலும் பி. எஸ். ஏ. யின் வண்டித் தொழில் 1957 இலும் அவ்வழியே சென்றன. பெயரும் பற்சக்கரமும் முன்கவரும் மரபுப்படி தொடர்ந்தனவேயன்றி, ஹம்பர் வண்டிகள் செய்யப்பட்டது நொட்டிங்காமின் றலி ஆலையிலேதான். (அவ்வாலையும் 2002 இல் மூடப்பட்டது.)

எங்கள் வண்டி எந்தக் காலத்தது? அதற்கு விடை பெடல் அச்சு நுழையும் குழாயின் புரியிலே உண்டு. மற்றை ஆங்கில வண்டிகளில் அங்குலத்துக்கு 24 புரி. றலி மட்டும் 26 புரி வெட்டியது. நான் அளவுகோல் தேடுமுன்னரே சைக்கிள் கடை முதியவர் ஒரு சாதாரண கப்பை வைத்துத் திருகினார். ஒரு சுற்றோடு அது இறுகி நின்றது. "இதுக்கு றலிக் கப்தான் மாஸ்ரர், வேறொண்டும் ஏறாது" என்றார். பிறப்பிடம் றலி என்பது அங்கே தெளிவாயிற்று.

ஆண்டைச் சொல்வது பின்னச்சு. அது ஸ்ரேமி ஆர்ச்சர் நிறுவனத்தார் 1936 இல் வெளியிட்ட ஏ. டபிள்யூ. என்னும் மூவேக அச்சு. அதன் உடலிலே செய்த ஆண்டைப் பொறிப்பது அவர்கள் வழக்கம். எங்களதில் 53 என்றிருக்கிறது. அச்சின் ஆண்டு வண்டியின் ஆண்டாக வேண்டுமென்பதில்லை. ஆனால் தமையனார் பிறந்த 1954 இல் வண்டி வீட்டில் இருந்தது என்று அன்னையார் சொன்னதோடு அது பொருந்துகிறது. சட்டத்தில் பொறித்த எண்ணை மட்டும் கொண்டு ஆண்டைத் துணிவாரும் உளர். அம்முறையில் எனக்கு நம்பிக்கை குறைவு.

வகையைப் பற்றி நீள எழுத வேண்டியதில்லை. 28 அங்குலச் சில்லுகளும், இரும்புத் தடிகளால் இயங்கும் பிறேக்கும், நிமிர்ந்திருந்து செலுத்தும் கைபிடியும் உடையது ஆண்களுக்கான றோட்ஸ்ரர் வகை. 26 அங்குலச் சில்லும் கம்பிவட பிறேக்கும் உடைய ஸ்போட்ஸ் வகை வேறு.

இவற்றையெல்லாம் தமையனாருக்கு எழுதினேன். ஹம்பர் றோட்ஸ்ரர், நொட்டிங்காம் றலி ஆலையிற் செய்தது, 1953 அளவினது. நாரை வேண்டாம் என்று முடித்தேன். மறுநாளே தொலைபேசியில் அழைத்தார். "அப்ப நான் சொன்னதும் சரிதானே!" என்று சிரித்துவிட்டு, ஹம்பர் தகட்டின் விலையை விசாரிப்பதாகச் சொன்னார். அது வரும்வரை, மாரிமழை உட்புகாதவாறு, நெற்றியின் இரு ஆணித்துளைகளையும் மெழுகால் அடைத்து வைத்திருக்கிறேன்.