மின்னணுச் சான்றும் நிபுணர் சாட்சியும்

சாதாரண சாட்சி தான் கண்டதையும் கேட்டதையும் மட்டுமே நீதிமன்றத்தில் சொல்லலாம். நிபுணர் சாட்சி தன் கருத்தையும் சொல்லலாம். கைப்பேசி, கணினி, சிசிடிவி பதிவு போன்றவற்றை ஆராய்ந்து அவர் தரும் கருத்தை நீதிபதி எடைபோடுவார். அப்படியே ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. இந்தியாவில் இப்படிக் கருத்துக் கூறும் அரசு ஆய்வகங்களை அறிவிக்க, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஏ பிரிவு மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது.

கூண்டில் ஏறுவதற்கு வெகு முன்பே நிபுணரின் வேலை தொடங்கிவிடுகிறது. கைப்பற்றிய ஹார்டு டிஸ்கைச் சும்மா இணைத்துத் திறந்தாலே கோப்புகளின் தேதிகள் மாறக்கூடும். அதனால் அதில் எதுவும் பதிவாகாதபடி தடுக்கும் கருவி வழியாக இணைத்து, அழிக்கப்பட்ட கோப்புகள் கிடந்த இடங்கள் உட்பட முழுவதையும் நகலெடுத்து, அந்த நகலைத்தான் ஆராய்வார். மூலத்துக்கும் நகலுக்கும், உள்ளடக்கத்தின் கைரேகை போன்ற ஹேஷ் மதிப்பு கணக்கிடப்படும். ஓர் எழுத்து மாறினாலும் அந்த மதிப்பு வேறாகிவிடும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம், மின்னணுப் பதிவுடன் தரும் சான்றிதழில் இந்த மதிப்பைக் கேட்கிறது. சான்றிதழின் ஒரு பகுதியை நிபுணரே நிரப்பிக் கையெழுத்திட வேண்டும்.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் நாட்டில் கிடைத்த முதல் தண்டனைகளுள் ஒன்று சென்னையில் விதிக்கப்பட்டது. யாஹூ குழு ஒன்றில் ஒரு பெண்ணைப் பற்றி ஆபாசச் செய்திகள் இடப்பட்ட வழக்கு அது. சைபர் சட்ட வல்லுநர் நா. விஜயசங்கர் அவற்றைச் சான்றளித்து நிபுணராகச் சாட்சியம் அளித்தார். 2004 நவம்பர் 5 அன்று எழும்பூர் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவரைக் குற்றவாளி எனத் தீர்ப்பளித்தது. செய்திகள் இருந்தன என்பதற்கு நிபுணர் சாட்சி. அனுப்பியவர் யார் என்பதற்கு இணைய மைய உரிமையாளர்களின் சாட்சியமும் வேண்டியிருந்தது.

இந்த வேறுபாடு முக்கியமானது. ஒரு கணினியில் என்ன நடந்தது என்பதை நிபுணர் காட்டலாம். அதன் முன் உட்கார்ந்திருந்தவர் யார் என்பதை அந்தப் பதிவு மட்டும் சொல்லாது. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் கை வைக்கும் இடமும் இதுதான். பொருள் யார் யார் கையில் இருந்தது, எந்த மென்பொருள், அதன் எந்தப் பதிப்பு என்று கேள்விகள் தொடரும். நேரமும் சிக்கலானது: பல பதிவுகள் உலகப் பொது நேரத்தில் (UTC) இருக்கும், இந்திய நேரத்துக்காக ஐந்தரை மணி கூட்ட மறந்தால் இரவு 8 மணி நிகழ்வு பிற்பகல் 2.30 ஆகிவிடும்.

கருவி சொல்வதையே உண்மையென எடுத்துக்கொள்வதுதான் இத்துறையின் பெரிய ஆபத்து. 2011-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், மகளைக் கொன்றதாகத் தாய் மீது நடந்த வழக்கில், வீட்டுக் கணினியிலிருந்து குளோரோஃபார்ம் பற்றிய பக்கம் 84 முறை பார்க்கப்பட்டதாக அரசுத் தரப்பு வாதிட்டது. அந்த எண்ணிக்கையைத் தந்த ஆய்வு மென்பொருளை உருவாக்கியவரே நிபுணராக வந்திருந்தார். பிறகு தரவை மறுபடி ஆராய்ந்தபோது அந்தப் பக்கம் பார்க்கப்பட்டது ஒரே முறை என்று தெரிந்தது. 84 என்பது மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்துக்கு உரிய எண்ணிக்கை. தன் மென்பொருளின் பிழையை அவரே அரசுத் தரப்புக்குத் தெரிவித்தார். நிபுணரின் கடமை தன்னை அழைத்த தரப்புக்கு அல்ல, நீதிமன்றத்துக்கே என்பதால் அவர் செய்தது சரியானது.