61 நாளும் ஒரு பரீட்சையும்

மூன்றாம் வருஷம் வந்ததும் நம்ம காலேஜில் எல்லோருக்கும் ஒரே கேள்விதான். "மேல பி.இ.யா, இல்ல வேலையா?" வேலைக்குப் போய்க்கொண்டே வீட்டில் உட்கார்ந்து படித்து எழுதக்கூடிய பரீட்சையும் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அமெரிக்காவில் 1969-ல் ஆரம்பித்த புராஜெக்ட் மேனேஜ்மென்ட் இன்ஸ்டிடியூட் பல பரீட்சைகள் நடத்துகிறது. பெரியது பி.எம்.பி. டிப்ளமோக்காரன் அதை எழுத 60 மாதம் புராஜெக்டை நடத்திய அனுபவம் வேண்டும். பட்டதாரிக்கு 36 போதும். அந்த 24 மாத வித்தியாசம்தான் நம்ம டிப்ளமோவுக்கு அவர்கள் போட்டிருக்கும் விலை! சின்னது சி.ஏ.பி.எம். இதற்கு அனுபவமே வேண்டாம். பள்ளிப்படிப்பு முடித்து, 23 மணி நேரம் புராஜெக்ட் மேனேஜ்மென்ட் வகுப்பு படித்திருந்தால் போதும். 3 மணி நேரத்தில் 150 கேள்வி. தமிழில் கிடையாது.

பயப்பட வேண்டாம். அதில் வரும் கிரிட்டிகல் பாத் கணக்கு, காசிமேட்டில் வருஷா வருஷம் நடக்கிற விஷயம். 1957-ல் டுபான்ட் கம்பெனிக்காரர்கள் அதற்கு ஒரு பெயர் வைத்தார்கள், அவ்வளவுதான்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். அதற்குள் விசைப்படகைப் பழுது பார்த்தாக வேண்டும். ஒரு கணக்கு போடுவோம். படகைக் கரையேற்ற 3 நாள். பலகை மாற்றி இடுக்கு அடைக்க 24 நாள். பெயிண்ட் 9 நாள். இறக்கி ஓட்டிப் பார்க்க 4 நாள். மொத்தம் 40. கரையேற்றியதுமே இன்ஜின் வேலையும் பக்கத்தில் நடக்கும், அதற்கு 18 நாள். அந்த வழியில் 3, 18, 4 கூட்டினால் 25தான். ஆக, மெக்கானிக் 15 நாள் வரை லேட்டானாலும் படகு தாமதமாகாது. இதுதான் ஃப்ளோட். ஆனால் மரம் 5 நாள் தாமதமாக வந்தால் 40 என்பது 45 ஆகிவிடும். கையில் காசு இருந்தால் இரண்டு ஆளை எங்கே கூடுதலாகப் போடுவது? பலகை வேலையில். இன்ஜினில் போட்டால் கூலிதான் தண்டம்.

அந்த 24 எப்படி வந்தது? சீக்கிரம் முடிந்தால் 18, வழக்கமாக 22, எல்லாம் கெட்டுப்போனால் 38 என்று தச்சர் சொல்கிறார். நடு எண்ணை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுக்க வேண்டும். 144-ஐ 6-ஆல் வகுத்தால் 24. இது பெர்ட் முறை.

எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். சந்தேகம் கேட்க ஆளில்லை என்றுதான் நானும் நினைத்தேன். இந்தக் கணக்கை அப்பாவிடம் சொன்னதும், "மரத்துக்கு மொதல்லயே சொல்லி வச்சுடணும்டா" என்றார். பரீட்சையில் சரியான விடையும் அதுதான்! ஆனால் கணக்கு மட்டும் போதாது. அஜைல், பிசினஸ் அனாலிசிஸ் இரண்டும் சேர்ந்து கிட்டத்தட்ட பாதிப் பரீட்சை. அவை நம்ம சிலபஸுக்குப் புதுசு. அதிக நேரம் அங்கேதான் போகும்.

சான்றிதழ் வந்தாலே வேலை வந்துவிடும் என்று யாராவது சென்டர்காரன் சொன்னால் நம்பாதீங்க. இது டிகிரி ஆகாது. கட்டணமும் நம்ம வீடுகளுக்குப் பெரிய தொகை. கடன் வாங்கி எழுதுகிற பரீட்சை இல்லை என்பது என் அபிப்பிராயம். சம்பளம் வந்த பிறகு எழுதலாம். ஆனால் சி.ஏ.பி.எம். கையில் இருந்தால் பி.எம்.பி.க்குக் கேட்கும் 35 மணி நேர வகுப்பு தள்ளுபடி.

இன்னொன்று, நமக்கு ரொம்ப முக்கியமானது. பி.எம்.பி. விண்ணப்பத்தில் எந்த வேலையை, எந்தத் தேதியில், என்ன பொறுப்பில் நடத்தினோம் என்று எழுத வேண்டும். தணிக்கைக்கு எடுத்தால் மேலதிகாரி உறுதி செய்ய வேண்டும். நம்மில் பாதிப்பேர் எண்ணூரிலும் மணலியிலும் கான்ட்ராக்ட் கம்பெனிக்குத்தான் போவோம். ஷட்டவுன் முடிந்ததும் கம்பெனி வேறு ஊருக்குக் கிளம்பிவிடும், சூப்பர்வைசர் போன் நம்பர் மாறிவிடும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒரு 200 பக்க நோட்டு வாங்கி, தேதி, வேலை, உங்கள் கீழ் எத்தனை ஆள் என்று எழுதி வையுங்கள். ஒவ்வொரு வேலை முடிந்ததும் சூப்பர்வைசரிடம் அதிலேயே கையெழுத்து வாங்கி, அவர் வீட்டு விலாசத்தையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.